வெள்ளிக்கிழமை ஈரத்துணிக்குத் தாங்கும் பூச்சு

நான் என்ன வேலை பார்த்து ஓய்வு பெற்றேன் என்பது எங்கள் தெருவில் இன்று வரை ஒருவருக்கும் விளங்கவில்லை. "படத்துக்கு மருந்து அடிச்சிக்கினு இருந்தேன்" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அன்றிலிருந்து மழைக்காலம் வந்தால் போதும், எதிர்வீட்டு மல்லிகா வந்து கதவைத் தட்டுகிறாள். "எஸ்தர்க்கா, கால்வாயில கொசு மொய்க்குது. உன் மிஷின எடுத்தாந்து ஒரு தபா அடிச்சி வுடேன்." என்னிடம் மிஷின் இல்லை, நான் அடித்தது கொசுமருந்தும் இல்லை என்று சொன்னால், "குடுக்க மனசில்லன்னா நேரா சொல்லிடு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள்.

ஆகவே எழுதியே வைத்துவிடுகிறேன். மாமல்லபுரத்தில் சிற்பிகளின் பட்டறைகளுக்கு நடுவே ஒரு படக்கடை. போட்டோவைக் கொடுத்தால் கலர் பென்சிலில் காகிதத்தின் மேல் உயிரோடு இருக்கிற மாதிரி வரைந்து தருவார்கள். அப்படி வரைந்த படத்தைச் சும்மா விட்டால், கை பட்டால் ஈஷிக்கொள்ளும், வெயில் பட்டால் வெளுக்கும், கடல்காற்று பட்டால் பூஞ்சை பிடிக்கும். அதெல்லாம் ஆகாமல் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத பூச்சு அடிப்பதுதான் என் வேலை. செங்கல்பட்டில் காலையில் பஸ் ஏறுவேன், திருக்கழுக்குன்றம் வழியாகப் போவேன், சாயங்காலம் அதே வழியாகத் தூங்கிக்கொண்டே திரும்புவேன்.

போன மாதம், இப்போது கடையில் வேலை பார்க்கிற பெண்கள் போன் செய்தார்கள். இப்போது புதிதாகச் சூடேற்றி பிளாஸ்டிக் ஒட்டுகிற மிஷின் வாங்கியிருக்கிறார்களாம். "அக்கா, ஒரு கல்யாண ஜோடி படத்த மிஷின்ல வுட்டோம். மாப்பிள்ள மூஞ்சி உருகிப் பூட்ச்சி." எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது. பென்சில் என்று பேரே தவிர, கலர் பென்சிலில் பாதி மெழுகு. "மெழுவ சூட்டுல வுட்டா உருகாம, எய்ந்து நின்னு ஜெபமா பண்ணும்?" என்று கத்தினேன். கத்தி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, "சரிக்கா, அந்தக் கண்டக்டர் படத்துக்கு நீ இன்னா பண்ண, அதச் சொல்லு" என்றார்கள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் தொழில் கற்றுக்கொண்ட கதை பெரிதாக ஒன்றும் இல்லை. கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தேன். தூசி கிளப்பாமல் பெருக்குகிறேன் என்று மாஸ்டருக்குப் பிடித்துப்போனது. கொஞ்ச காலம் வேண்டாத காகிதத்தின் மேல் அடிக்கவிட்டார், அப்புறம் வேண்டிய காகிதத்தின் மேல் அடிக்கவிட்டார். அவ்வளவுதான் என் படிப்பு.

மாஸ்டரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். பெயர் குணசீலன். கடைக்கு முதலாளியும் அவரே, வரைகிறவரும் அவரே. அவர் எங்களை ஒருநாளும் திட்டியதில்லை. எங்களோடு பேசினால்தானே திட்டுவதற்கு? எதுவாக இருந்தாலும் படத்திடம்தான் கேட்பார். பூச்சு அடித்த தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "ஏம்மா, மூச்சு முட்டுதா?" என்பார். அடித்தது கனத்துவிட்டது என்று அர்த்தம். "இன்னா கண்ணு, இப்டி வேர்க்குது?" என்றால், காற்றில் ஈரம் இருக்கும்போது அடித்துவிட்டோம், படம் பால் ஊற்றின மாதிரி மங்கிவிட்டது என்று அர்த்தம். ரொம்பக் கோபம் வந்தால் படத்தின் பக்கம் சேர்ந்துகொள்வார். "வுடு கண்ணு, இவங்களுக்கு அவ்ளோதான் தெரியும். நாம இன்னா பண்றது?" இதைக் கேட்பதற்கு அவர் என்னை நாலு வார்த்தை நேராகவே திட்டியிருக்கலாம்.

பூச்சு அறைக்குள் போகிறவர்கள் தலையில் துண்டு கட்ட வேண்டும், எண்ணெய்க்கை கூடாது, முறுக்கு கூடாது, முக்கியமாகப் பேசக் கூடாது. பேசினால் எச்சில் தெறிக்கும். எச்சில் பட்ட இடம் மட்டும் பளபளவென்று தனியாகத் தெரியும். இத்தனை கட்டுப்பாடு விதித்த மாஸ்டருக்கே ஒரு தும்மல் வியாதி இருந்தது. எதிர்ப்பட்டறைக் கல்தூசி மூக்கில் ஏறினால் இடது கை தானாக மேலே போகும். கை மேலே போன உடனே நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு படத்தின் மேல் குனிந்து முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்த வாடிக்கையாளர்கள் இதைப் பார்த்துவிட்டு, ஏதோ பிரார்த்தனை என்று செருப்பைக் கழற்றியிருக்கிறார்கள்.

அடிப்பதற்கு நேரம் கிடைப்பதே பெரிய பாடு. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று ஈரத்தைக் கொண்டுவரும். காலையில் உளிச்சத்தம் ஆரம்பித்துவிட்டால் கல்தூசி பறக்கும். நடுவில் சிற்பிகள் உளியை வைத்துவிட்டு நாஸ்தாவுக்குப் போகிற நேரம் இருக்கிறதே, அதுதான் எங்களுக்கு நல்ல நேரம். எதிர்ப்பட்டறை ஏழுமலை அண்ணன் எத்தனை இட்லி சாப்பிடுகிறாரோ, அத்தனை இட்லி நேரத்துக்குள் நான் அடித்து முடிக்க வேண்டும். "அண்ணாத்த, இன்னும் ரெண்டு வெச்சிக்கோ" என்று பலநாள் கெஞ்சியிருக்கிறேன்.

அடிக்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன். வரைந்து முடித்த படத்தைச் சில நாள் சும்மா வைக்க வேண்டும். கருப்பும் நீலமும் அழுத்தி வரைந்த இடங்களில் மெழுகு மேலே வந்து, மாவு தூவின மாதிரி வெள்ளையாகப் பூக்கும். பழைய வேட்டித் துணியால் அதை ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். அப்புறம் படத்தைப் படுக்க வைத்து, பூச்சு ஸ்பிரே டப்பாவைக் கை நீளத்தில் பிடித்து, காகிதத்துக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, காகிதத்தைத் தாண்டின பிறகுதான் விரலை எடுக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் சொட்டும். மெல்லிசாக ஒரு தடவை, காய வேண்டும், தாளைத் திருப்பி மறுபடியும் மெல்லிசாக ஒரு தடவை. இப்படிப் பல தடவை. அடித்தது தெரியவே கூடாது, தெரிந்தால் அதற்குப் பேர் பூச்சு இல்லை, குளியல்.

ஒருமுறை டப்பா சரக்கு வந்து சேரவில்லை. மாஸ்டர் வீட்டம்மா கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவர். அவரிடம் முடி கலையாமல் இருக்க அடிக்கிற ஸ்பிரே இருந்தது. "அதுவும் டப்பா, இதுவும் டப்பா" என்று மாஸ்டர் அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பொத்தேரிக் கல்லூரிப் பையன் ஒருவன் தான் விரும்பின பெண்ணின் படத்துக்குச் சொல்லியிருந்தான். ஒரு ரைஸ்மில் முதலாளியின் அறுபதாம் கல்யாணப் படமும் இருந்தது. இரண்டுக்கும் அதையே அடித்து, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி வைத்தோம். கடலோர ஈரத்தில் அந்த ஸ்பிரே பிசுக்கென்று ஆகி இரண்டும் ஒட்டிக்கொண்டன. பிரித்தால், ரைஸ்மில்காரர் மீசை பாதி அந்தப் பெண்ணின் உதட்டுக்கு மேல் வந்திருந்தது. பையன் ரொம்ப நேரம் பார்த்தான். "அக்கா, இது அவ அப்பா மாதிரி கீது. பயமா கீதுக்கா" என்றான். அதற்குப் பிறகு அந்த அம்மா தன் டப்பாக்களை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

இனி கண்டக்டர் விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் பெயர் வரதராஜன். தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். ஒருநாள் மருமகள் செல்வியோடு வந்தார். துண்டில் சுற்றின பழைய ஃபிரேம் ஒன்றை மேஜை மேல் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். ஒரு பெண்மணியின் போட்டோ. பட்டுப்புடவை இருக்கிறது, மல்லிகைப்பூ இருக்கிறது, காதில் கம்மல் இருக்கிறது. முகம் மட்டும் இல்லை, வெள்ளைக் காகிதமாக இருக்கிறது.

"மூஞ்சி எங்க நைனா?" என்றேன்.

"தோ" என்று செய்தித்தாளில் சுற்றின ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து வைத்தார். முகம் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. முகம் என்று சொல்வதும் மரியாதைக்குத்தான். பூஞ்சையும் குங்குமமும் ஏறி, ஒரு கன்னமும் ஒரு கண்ணும்தான் ஏதோ தெரிந்தன.

"என் சம்சாரம் தனபாக்கியம். பூட்டா. படத்துல இருந்தா, அதையும் இந்தக் கண்ணாடி துன்னுட்ச்சி" என்றார்.

நடந்தது என்னவென்றால், வெள்ளிக்கிழமை தவறாமல் ஈரத்துணியால் படத்தைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, தண்ணீர் தெளித்த மாலை போட்டிருக்கிறார்கள். தண்ணீர் உள்ளே இறங்கி போட்டோ கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. அதைப் பிரித்தெடுக்கிறேன் என்று இழுத்தபோது முகம் கண்ணாடியோடு போய்விட்டது.

"யாரு இவ்ளோ தண்ணி வுட்டுத் தொடச்சது?" என்று கேட்டேன்.

"என் மருமவதான்" என்றார், கண்ணை இமைக்காமல்.

செல்வி விடவில்லை. "வாய் கூசாம சொல்றீங்களே மாமா! அந்தப் படத்தத் தொட்டா கைய ஒடிச்சிடுவேன்னு என்னாண்ட சொன்னது யாரு? தொடச்சதும் நீங்க, பிச்சதும் நீங்க."

"அது வேற விஷயம்" என்றார் வரதராஜன்.

போனில் படம் ஏதும் இல்லையா என்று மாஸ்டர் அந்தக் கண்ணாடித் துண்டிடம் கேட்டார். பதிலை வரதராஜன்தான் சொன்னார். போனைத் தூக்கினாலே அந்த அம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாராம். இருந்தது வாக்காளர் அட்டை ஒன்றுதான். "அது அவளே இல்ல மாஸ்டர். அத வெச்சி அவள எப்டி ஓட்டுப் போட வுட்டானுங்கன்னே தெரில" என்று கையில் கொடுத்தார். உண்மைதான். அந்தக் கருப்பு மசியில் நெற்றி எது, கூந்தல் எது என்றே தெரியவில்லை.

மாஸ்டர் அந்த அட்டையையும், கண்ணாடியில் மிஞ்சின கன்னத்தையும், வரதராஜன் வாயால் சொன்னதையும் வைத்து வரைந்தார். வரைய வரைய அவர் வந்து பார்ப்பார். மூக்கு இன்னும் கொஞ்சம் சப்பை என்பார். திருத்துவார். மோவாயில் ஒரு குழி என்பார். திருத்துவார். நெற்றியை மட்டும் மாஸ்டர் காலியாக விட்டிருந்தார், வெள்ளிக்கிழமைதோறும் அவர்களே பொட்டு வைக்கப் போகிறார்களே என்று. ஒவ்வொரு தடவையும் வரதராஜன் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தையைத்தான் சொன்னார். "எல்லாம் சரியாத்தான் கீது மாஸ்டர். ஆனா அவ இல்ல."

மாஸ்டர் படத்தைப் பார்த்து, "ஏம்மா, அப்ப நீ யாரு?" என்று கேட்டார். அதுவும் சொல்லவில்லை.

கடைசியில் ஒருநாள் வரதராஜனே, "சரி வுடுங்க. இதுவே இருக்கட்டும். பாத்துக்கினே இருந்தா, எனக்கு ஞாபகம் இருக்கறதும் கலைஞ்சி பூடும் போல கீது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்த அம்மாவின் முகம் இனி இந்த ஒரு காகிதத்தில்தான். இதுவும் போய்விட்டால் எங்கேயும் கிடையாது. அதைக் காப்பாற்ற வேண்டியது என் கை. அதை அழிக்கப் போவது யார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது, எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஏனென்றால் அவர் ஒரு நிபந்தனை போட்டார், கண்ணாடி கூடாது என்று. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டு அட்டை வைப்போம், ஒட்டாது என்று சொல்லிப் பார்த்தோம். "கண்ணாடி போட்டா நான் எடுத்துக்கினு போவ மாட்டேன்" என்றார்.

"அப்ப ஈரத்துணி வெக்காத நைனா. காஞ்ச துணியால தூசி தட்டிக்கோ, போதும்" என்றேன்.

"தூசி தட்றதுக்கு அவ இன்னா பீரோவா?" என்றார்.

கண்ணாடி இல்லாத படம், வெள்ளிக்கிழமைதோறும் ஈரத்துணி, சந்தனம், குங்குமம், கற்பூரப் புகை, சொட்டுகிற மாலை. எல்லாவற்றுக்கும் தாங்குகிற பூச்சு வேண்டும். நேரே அந்த அம்மாவின் முகத்தில் பரிசோதனை செய்ய முடியாது. பரிசோதனைக்கு யார் முகம் என்று கேள்வி வந்தது. யார் முகத்தைத் துடைத்து அழித்தாலும் கேட்க ஆள் வரும் என்பதால், மாஸ்டர் தன் முகத்தையே வரைந்து கொடுத்துவிட்டார்.

செல்வி தன் வீட்டு பூஜைச் சாமான்களை அப்படியே கூடையில் கொண்டுவந்தாள். முதல் தடவை வழக்கமான பூச்சை மட்டும் அடித்திருந்தேன். வரதராஜன் ஈரத்துண்டை முறுக்கிப் பிழிந்து, பஸ் முன்கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி ஒரு இழுப்பு இழுத்தார். மாஸ்டரின் மூக்கு துண்டோடு வந்துவிட்டது. மாஸ்டர் குனிந்து தன் படத்திடமே, "வலிக்குதாப்பா?" என்று கேட்டார்.

இரண்டாவது தடவை பூச்சை அதிகமாக்கினேன். ஈரத்துணிக்குத் தாங்கியது, சந்தனத்துக்கும் தாங்கியது. ஆனால் ஈரக் குங்குமம் பூச்சின் நுண்ணிய சொரசொரப்புக்குள் இறங்கிச் சிவப்பாக ஊறிவிட்டது. துடைத்தேன், ஒற்றினேன், ரப்பர் வைத்தேன், போகவே இல்லை. மாஸ்டர் நெற்றியில் நிரந்தரமாகப் பொட்டு நின்றுவிட்டது. ஆகவே கடைசியில் வார்னிஷ் ஒரு படலம் போட்டு அந்தச் சொரசொரப்பை மூடித்தான் ஆக வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். அடுத்த மாதிரிக்கு வார்னிஷ் போட்டேன். அவசரப்பட்டு முழுக்கக் காயும் முன்னே மாலை போட்டார் வரதராஜன். சாமந்தி இதழ்கள் மாஸ்டர் மோவாயில் தாடி மாதிரி ஒட்டிக்கொண்டன.

நாலாவது மாதிரியை அட்டையில் ஒட்டி, பூச்சு, வார்னிஷ் எல்லாம் போட்டு, பொறுமையாகக் காய விட்டேன். நிஜ வீட்டில் இருப்பது போலவே இருக்கட்டும் என்று கடை முகப்பில் மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, பெரிய மாலை போட்டு, ஊதுவத்தி கொளுத்தி வைத்தோம். அப்போதுதான் வெளியூர்க் கோயில் வேலை முடிந்து ஏழுமலை அண்ணன் ஊருக்குத் திரும்பினார்.

பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவர் எங்கள் முகப்பைப் பார்த்தார். கையிலிருந்த பை கீழே விழுந்தது. திரும்பிப் போய் ஒரு ரோஜாமாலை வாங்கிக்கொண்டு வந்தார். படத்துக்கு முன்னால் நின்று, "பாவி மனுசா, நாலு நாள் இல்லாத நேரம் பாத்து பூட்டியே! தூசி, தூசின்னு என்னாண்ட எவ்ளோ சண்ட போட்டிருப்ப!" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுகைச் சத்தம் கேட்டு, உள்ளே தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாஸ்டர் எச்சில் கையோடு வெளியே வந்தார்.

"இன்னா அண்ணாத்த, யாரு பூட்டாங்க?"

ஏழுமலை அண்ணன் அலறின அலறலில் தெருவே கூடிவிட்டது. விஷயம் தெரிந்ததும், "உயிரோட கீறவன் பண்ற வேலையாடா இது!" என்று ரோஜாமாலையை நிஜ மாஸ்டர் கழுத்திலேயே வீசிவிட்டுப் போனார். அதற்குள் யாரோ மாஸ்டர் வீட்டம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா வந்த வேகத்தில் மாலையைப் பிய்த்தெறிந்தார், ஊதுவத்தியை மிதித்தார். முந்தானையைக் குடத்துத் தண்ணீரில் முக்கி, "என் தலையெழுத்து, என் தலையெழுத்து" என்று சொல்லிச் சொல்லி அந்தப் படத்து நெற்றியைத் தேய்த்தார் பாருங்கள், வரதராஜன் ஏழு வருஷம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகத் தேய்த்தாலும் அவ்வளவு வராது.

சந்தனம் போனது, குங்குமம் போனது. மாஸ்டர் முகத்தில் ஒரு கோடுகூடக் கலையவில்லை.

ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வரதராஜன் எழுந்து நின்று கைதட்டினார். "இதான். இதான் எனக்கு வேணும்."

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஈரக்காற்று வருவதற்குள் முடித்தாக வேண்டும். மாஸ்டருக்கோ தும்மல் உச்சத்தில் இருந்தது. "உன்ன எஸ்தரு பாத்துக்குவாம்மா" என்று தனபாக்கியத்தம்மா படத்திடம் சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். அவர் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். ஏசுவே, இந்த ஒன்றை மட்டும் காப்பாற்றிக் கொடு என்று வேண்டிக்கொண்டு ஆரம்பித்தேன். கூந்தலில் பூத்திருந்த வெள்ளை மெழுகை ஒற்றி எடுத்தேன். தினம் நாஸ்தா நேரத்தில் மெல்லிசு மெல்லிசாகப் பூச்சு. எல்லாம் முடிந்தது. படத்தை அட்டையிலும் ஒட்டியாயிற்று. கடைசி வார்னிஷ் ஒன்றுதான் பாக்கி.

மறுநாள் உளிகள் ஓய்வதற்காகக் காத்திருந்தேன். தலைத்துண்டை நனைத்துப் பிழிந்துகொண்டு வரக் கொல்லைப்பக்கம் போனேன். அன்று வெள்ளிக்கிழமை. வரதராஜன் செல்வியோடு சீக்கிரமே வந்திருக்கிறார். படத்தை ஒருதரம் பார்க்கலாம் என்று உள்ளே போயிருக்கிறார். நான் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அவர் மேஜை மேல் குனிந்துகொண்டிருந்தார். வரும் வழியில் கோயிலில் வாங்கின குங்குமப் பொட்டலம் பிரிந்திருந்தது. டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் பழக்கத்தில் விரலை நாக்கில் தொட்டு, குங்குமத்தில் ஒற்றி, நெற்றியில் அழுத்தமாக வைத்துவிட்டார்.

"ஐயோ நைனா!" என்று கத்தினேன். பேசவே கூடாத அறையில் கடை அதிரக் கத்தினேன்.

மாஸ்டரும் செல்வியும் ஓடி வந்தார்கள். பார்த்த உடனே மூவருக்கும் புரிந்துவிட்டது. வார்னிஷ் போடாத பூச்சில் ஈரக் குங்குமம். இறங்கிவிட்டது, இனி வராது. துடைக்கப் போனால் நெற்றி முழுவதும் சிவப்பாக இழுவிவிடும். மாஸ்டர் பூச்சு அறைக்குள் முதல்முறையாகப் படத்தை விட்டுவிட்டு ஆளைப் பார்த்துக் கேட்டார். "இன்னா பண்ணிட்டீங்க பெரியவரே?"

"வெள்ளிக்கெழம மாஸ்டர்" என்றார் வரதராஜன். விரல் இன்னும் அந்தரத்திலேயே நின்றது. "மூஞ்சியப் பாத்தனா... கை தானா போச்சி. ரெண்டாந்தபாவும் நானே அழிச்சிட்டேன்." அந்தப் பெரிய மனிதர் வாயைக் கோணிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். எனக்கு அவரை ஒரு அறை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழலாம் போலவும் இருந்தது.

செல்விதான் முதலில் கவனித்தாள். "மாமா, வெச்சதுதான் வெச்சீங்க, நடுவுல வெக்கக் கூடாதா? கோணலா கீதே."

பொட்டு நெற்றி நடுவில் இல்லை. இடது புருவத்துப் பக்கமாகத் தள்ளியிருந்தது.

வரதராஜன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது என்ன கேள்வி என்பது போல மருமகளைப் பார்த்தார். "அவ அங்கதான் வெப்பா. என்னிக்கி கண்ணாடி பாத்தா? அடுப்பாண்ட நின்னுகினே ஒரு கையால இட்டுக்குவா. கோணலாத்தான் இருக்கும். நீ வந்தப்ப பெரிய பொட்டு ஸ்டிக்கர் வாங்கிக் குடுத்தியே, அதையும் அங்கதான்..." சொல்லிக்கொண்டே படத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். நாங்களும் பார்த்தோம். நாங்கள் பார்த்தறியாத ஒரு அம்மா, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்கிற அவசரத்தில், எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"தோ" என்றார் வரதராஜன் மெல்ல. "தோ... வந்துட்டா பாரு."

மாஸ்டர் படத்தின் பக்கம் குனிந்தார். "ஏம்மா, இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். சொல்லும்போதே அவர் இடது கை மேலே போனது. நாங்கள் மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அந்த அம்மாவை மறைத்துக்கொண்டோம்.

எதிரே உளிகள் ஓய்ந்தன. எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, பொட்டையும் சேர்த்து மூடி வார்னிஷ் அடித்தேன்.

முழுவதும் காய்ந்த பிறகு சொல்லியனுப்பினோம். வரதராஜன் செல்வியோடு வந்தார், துண்டை வீட்டிலிருந்தே நனைத்துக்கொண்டு வந்திருந்தார். ஃபிரேமைச் சுவரில் சாய்த்து வைத்து, அழுத்தித் துடைத்தார். துண்டை விரித்துப் பார்த்தார், வெள்ளையாக இருந்தது. திரும்பவும் துடைத்தார். முகமும் அப்படியே இருந்தது, கோணல் பொட்டும் அப்படியே இருந்தது. அவர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், முகம் வாடிப்போய் நின்றார்.

"இன்னா நைனா, இன்னும் இன்னா குறை?" என்றேன். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"பொட்டு அதுவே கீது. வெக்கறதுக்கு எடமே இல்ல. அப்ப வெள்ளிக்கெழம நான் இன்னா பண்றது?"

"ஒண்ணும் பண்ண வாணாம் மாமா. எதிர்ல குந்திக்கினு அத்தையாண்ட பேசிக்கினு இருங்க" என்றாள் செல்வி.

வரதராஜன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதத்தான் மத்த நாளெல்லாம் பண்ணிக்கினு கீறேன்" என்றார்.